வீரலட்சுமி எழுதிய காற்று

இதில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆட்டப்பெட்டி வந்தது நோன்புக்கு முன்பா பின்பா என்று கேட்டால் காலிதாம்மா ஒன்று சொல்கிறார், அவர் மருமகள் ஃபஸீலா வேறொன்று சொல்கிறாள். அவர்கள் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தேன். தேவிபட்டினத்தில் நூலக வேலை. அதிகம் பேச மாட்டேன். பேசாதவனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. பேசாதவன் பாதி நேரம் தன் மனதுக்குள் ஓடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான். தேதிகளில் நான் தவறலாம். யார் எந்த வார்த்தையைச் சொன்னார்கள் என்பதிலும் தவறலாம். கடைசியில் எனக்கு வந்த குமட்டல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை.

ஃபஸீலாவின் கணவர் காஜா நவாஸ் ஷார்ஜாவில் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தார். வெளிநாட்டுக் கம்பெனிகளின் விளையாட்டுச் சாமான்கள் அங்கே இறங்கி, அங்கிருந்து கடைகளுக்குப் போகும். மூலை நசுங்கிய பெட்டி ஒன்றை வேலையாள் விலைக்கு வாங்கி, ஒரு விடுப்பில் ஊருக்குக் கொண்டுவந்தார். திறந்தால் தடித்த அட்டையில் கடல் விரிந்தது. நான்கு துறைமுகங்கள், மரத்தில் செய்த கட்டைவிரல் அளவுக் கப்பல்கள், மிளகும் துணியும் குதிரையும் படம் போட்ட சரக்கு அட்டைகள், இரண்டு பகடைகள். பகடையில் விழுகிற எண்தான் காற்று. காற்றுக்குத் தக்கபடி கப்பலை நகர்த்திச் சரக்கை இறக்க வேண்டும். பெட்டியின் மேல் நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. எங்களுக்கு அது கப்பல் ஆட்டம்.

காலிதாம்மா பகடைகளைப் பார்த்ததும் முந்தானைத் துணியால் பிடித்து எடுத்து மகன் கையில் போட்டார்.

"இது வீட்டுக்குள்ள வேணாம். உருட்டுறது நமக்கு ஹராம்."

"உம்மா, காசு வச்சு ஆடலம்மா. சும்மா பொழுதுபோக்கு."

"காசு வச்சாலும் வைக்காட்டியும் பகடை பகடைதான் வாப்பா. கப்பல நாளெல்லாம் ஓட்டு, வேணாங்கல. இதை மட்டும் உருட்டாத."

பெட்டி அலமாரி மேலேறியது. காஜா நவாஸ் ஷார்ஜாவுக்குத் திரும்பினார்.

ஃபஸீலா வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, ஜமாத் அறிவிப்பு, அரசாங்க மனு எல்லாம் அங்கேதான் அடிக்கப்படும். ஒருநாள் கூத்தையா தன் மனைவி வீரலட்சுமியோடு ஒரு நிவாரண மனு எழுத வந்தார். நாட்டுப்படகுக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் அவர் கொண்டுவரும் மீனைத் தெருத்தெருவாக விற்பது வீரலட்சுமி. அன்று அவள் கூடையோடு வரவில்லை. சுருட்டிய மாதக் காலண்டர்கள் மூன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"எத்தனை நாளு கடலுக்குப் போகலன்னு இதுலயே இருக்கு புள்ள. பாத்து அடி."

ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பந்துமுனைப் பேனாவில் குண்டு குண்டான எழுத்து. ஃபஸீலா வாசித்தாள். "வாடை. போகல. வாடை. போகல. கச்சான். போனாரு. சூடை ரெண்டு கூடை. காத்தே இல்ல. போகல. பொய்." நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "இது என்னக்கா பொய்?"

"அதுவா. கடல் சரியில்லன்னு சொல்லிட்டு இழுத்துப் போத்திப் படுத்துட்டாரு. நான் கரைக்குப் போயிப் பாத்தேன். ஒரு எலை அசையல. வந்து எழுதி வச்சேன்."

"மூணு வருசமாவா?"

"கல்யாணம் ஆன நாள்லருந்து மனசுக்குள்ள எழுதுறேன். காலண்டர்ல மூணு வருசமா."

கூத்தையா ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். "லைப்ரேரி சார், நீங்களே சொல்லுங்க. கவர்மெண்டுக்குக் காட்டுற தாள்ல புருசனைப் பொய்யன்னு எழுதியிருக்கா. இவளோட எப்பிடிப் பொழைக்கிறது?"

"நீ பொய்ய நிப்பாட்டு. நான் எழுத்த நிப்பாட்டுறேன்."

மனு அடித்து முடிந்த பிறகும் ஃபஸீலா காலண்டர்களைத் திருப்பித் தரவில்லை. ரெண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவள் செய்தது இதுதான். மூன்று வருடக் காற்றையும் நீளமான தாளில் நாள்வாரியாக அடித்தாள். தாளுக்கு உறை மாதிரி ஒரு அட்டை. அட்டையில் ஒரு நாள் மட்டும் தெரிகிற சன்னல். கடைசியாக ஆட வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு தாளை இழுத்துத் தொடக்க நாளை வைப்பார். பிறகு முறைக்கு ஒரு நாளாகத் தாள் நகரும். என்ன மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். நாளைக்கு என்ன காற்று என்பது தெரியாது. ஐப்பசி என்றால் வடக்கேயிருந்து அடிக்கும் வாடையை எதிர்பார்த்துச் சரக்கேற்ற வேண்டும். ஆடியில் தென்மேற்கேயிருந்து கச்சான் அடித்தால் எங்கள் பக்கக் கடல் குளம் மாதிரி கிடக்கும், துணிந்து போகலாம். 'பொய்' என்று எழுதிய நாட்களையும் அவள் விடவில்லை. அதற்கொரு விதி வைத்தாள். அட்டைச் சன்னலை அந்தந்த முறை ஆடுகிறவர் மட்டும் பார்த்துக் காற்றைச் சொல்வார். பொய் நாள் வந்தால், காற்று சரியில்லை என்று சொல்லி அவர் துறைமுகத்தில் உட்கார்ந்து விலையேறக் காத்திருக்கலாம். மற்றவர்கள் நம்பலாம், அல்லது "கரைக்கு வா" என்று கூப்பிட்டு அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். மாட்டினால் சரக்கில் பாதி போகும்.

காலிதாம்மா தாளை நெடுநேரம் பார்த்தார். "இது வீசி முடிஞ்ச காத்து. அல்லாஹ் போட்டது. நம்ம கையி படல. ஆடலாம்."

அதற்குப் பிறகு சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் முன்னறையில் மாமியாரும் மருமகளும் கூத்தையாவும் வீரலட்சுமியுமாக ஆட்டம் ஆரம்பித்துவிடும். வாசல் வழியாகச் சேற்றுக் கடலின் வீச்சம் வரும். நான் ஒரு நாற்காலியில் புத்தகத்தோடு இருப்பேன், பக்கம் நகராது. அவர்களில் நன்றாக ஆடியது காலிதாம்மாதான்.

"காத்து சரியில்ல. நான் இங்கனதான் கெடப்பேன்," என்று சன்னலைப் பார்த்துவிட்டுச் சொல்வார்.

கூத்தையா அவர் முகத்தைப் பார்ப்பார். "தொழுதுட்டு வந்து பொய் சொல்ல மாட்டாங்க. நான் நம்புறேன்."

"நான் நம்பல," என்பாள் வீரலட்சுமி. "கரைக்கு வாங்க காலிதாம்மா."

அட்டையைத் திருப்பினால் பொய் நாளாக இருக்கும். காலிதாம்மா கொஞ்சமும் கூசாமல் மிளகு அட்டைகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஆட்டத்துல சொல்றதுக்குக் கணக்கில்ல. எல்லாரும் எந்திரிங்க, இடியாப்பம் ஆறுது," என்பார். ஆணம் என்று அவர்கள் சொல்லும் கணவாய்க் குழம்பின் வாசனையில் ஆட்டம் கலையும்.

விளையாட்டுப் பெட்டிகளை நேசிப்பவர்களுக்கென்று ஒரு இணையதளம் இருக்கிறது. யாராவது ஒரு ஆட்டத்துக்குப் புதுத் தாள், புது விதி செய்தால் அங்கே சும்மா கொடுப்பார்கள். ஃபஸீலா தன் காற்றுத் தாளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அங்கே வைத்தாள். ஆங்கிலத்தை நான் திருத்திக் கொடுத்தேன். தாள் வெறுமையாக இருக்கிறதென்று பெட்டி மேலிருந்த கப்பல் படத்தை ஸ்கேன் செய்து மூலையில் ஒட்டினாள். ஆட்டத்தின் விதிப்புத்தகத்தையும் அப்படியே தமிழாக்கிச் சேர்த்தாள். அடியில், 'காற்று: வீரலட்சுமி, தேவிபட்டினம். பெட்டி கொண்டுவந்தவர்: காஜா நவாஸ், ஷார்ஜா' என்று போட்டாள். ஆறு மாதத்தில் நாலாயிரம் பேர் அதைப் பதிவிறக்கியிருந்தார்கள். பிரேசிலிலிருந்து ஒருத்தி, பொய் நாளில் தன் மாமனாரைப் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தாள். அதை வாசித்துச் சொன்னபோது வீரலட்சுமி சிரித்த சிரிப்பில் கூடை மீன் சரிந்தது.

கம்பெனியின் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அவர்கள் படத்தையும் வாசகங்களையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தியதால் எல்லாவற்றையும் ஏழு நாளில் நீக்க வேண்டும், தவறினால் வழக்கு. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கப்பல் படம் யாரோ ஒருவர் வரைந்தது. விதிப்புத்தகம் யாரோ எழுதியது. அவற்றை எடுத்தது தவறு. ஃபஸீலா அன்றே எல்லாவற்றையும் நீக்கிவிட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து கம்பெனியின் ஆள் ஒருவன் போனில் கூப்பிட்டான். அவள் ஒலிபெருக்கியில் போட்டாள். இனிமையான குரல்.

"மேடம், பயப்படாதீங்க. ஃபேன்ஸ் எங்களுக்குக் குடும்பம் மாதிரி. உங்க காத்துத் தாள் ரொம்ப அழகு. எங்க டீமே உக்காந்து ஆடிப் பார்த்தோம்."

"அப்ப அதை மறுபடி போடலாமா சார்? படத்த எடுத்துட்டுப் போடுறேன்."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் மேடம். இப்போதைக்கு ஒரு ஃபார்ம் அனுப்பறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. கேஸ் க்ளோஸ். உங்க தாள்ல மிஸ்டர் காஜா நவாஸ்னு ஒருத்தர் பேர் பார்த்தேன். ஷார்ஜால எங்க சரக்கு இறங்கற வேர்ஹவுஸ்லதானே இருக்காரு? அவருக்கு எந்தத் தொந்தரவும் வரக் கூடாதுன்னுதான் நானே பேசறேன்."

இதைச் சொல்லும்போதும் அந்தக் குரல் மாறவில்லை.

ஐப்பசி மழை பிடித்திருந்த வாரம் அது. காஜா நவாஸ் அரைமணிக்கு ஒருதரம் கூப்பிட்டார்.

"எம் பேர எதுக்குடி போட்ட?"

"நன்றிக்குத்தான் மச்சான் போட்டேன்."

"நன்றி! இங்கன விசாவைக் கேன்சல் பண்ணுனா நன்றி வந்து சோறு போடுமா? கையெழுத்துப் போட்டு அனுப்பு. என்ன கேக்குறானோ எல்லாத்தையும் குடு."

படிவத்தில் மூலப் பொருட்களையும் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. அதாவது, தாள் அடித்ததும் வீரலட்சுமியிடம் திரும்பிப் போயிருந்த காலண்டர்கள். ஃபஸீலா கூத்தையாவையும் வீரலட்சுமியையும் வரச் சொன்னாள். மழையில் கடலுக்குப் போகாமல் நாலாவது நாள்.

கூத்தையா தலையைத் துவட்டிக்கொண்டு யோசித்தார். "கடல்ல அடுத்தவன் வலை அறுந்து வந்து நம்ம படகுல மாட்டும். அத அவன்ட்டக் குடுத்துறணும். குடுக்கையில அதுல கெடக்குற மீனோடதான் குடுக்கணும். மீன எடுத்துக்கிட்டு வலைய மட்டும் குடுத்தா ஊர்க்கூட்டத்துல நிக்க வைப்பாங்க. இங்க அதுதான முறை."

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன் அண்ணே," என்றாள் ஃபஸீலா. "ஆட்டம் அவங்களது. அதுக்குள்ள நம்ம என்னத்தச் சேத்தாலும் அவங்களோடதானே போவும்?"

"கிறுக்குத்தனமாப் பேசாத," என்றாள் வீரலட்சுமி. "காத்து அவன் வலையில என்னைக்கி மாட்டுச்சு? நான் கரையில நின்னு பாத்து எழுதுனது. அவன் பெட்டி இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி எழுதுனது."

"அக்கா, அவருக்கு விசா போயிரும்க்கா."

ஓட்டில் மழை இறங்கும் சத்தம். வீரலட்சுமி முந்தானைக்குள் நனையாமல் கொண்டுவந்த காலண்டர்களை மேசைமேல் வைத்தாள். "உனக்காகத் தாரேன். திரும்பி வரணும்."

"வரும்க்கா. நான் வாங்கித் தாரேன்."

ஃபஸீலா படிவத்தை என்னிடம் நீட்டினாள். ஐந்து பத்திகள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். நான்காவது பத்தியை மனதுக்குள் இரண்டு தடவை வாசித்தேன். இந்தத் தாள்கள், இவற்றின் மூலங்கள், இவற்றிலிருந்து இனி உண்டாகக்கூடியவை எல்லாவற்றின் உரிமையையும் என்றென்றைக்குமாகக் கம்பெனிக்கு மாற்றித் தருகிறேன் என்று இருந்தது. எனக்கு அது புரிந்தது. நீக்கச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு, இதைக் கேட்க இல்லை என்பதும் அரைகுறையாகத் தெரிந்தது. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் இருந்தார். ஒரு போன் போதும்.

"நாலாவதுல என்ன சார் போட்டிருக்கு?"

காஜா நவாஸ் போனில் காத்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"வழக்கமா எல்லாத்துலயும் போடுறதுதான்," என்றேன்.

கையெழுத்துப் போட்டாள். காலண்டர்களும் படிவமும் மறுநாள் கூரியரில் போயின.

அடுத்த வருடம் காஜா நவாஸ் விடுப்பில் வந்தார். பெட்டிகளைப் பிரித்தபோது வீரலட்சுமியும் இருந்தாள். நெய்ச்சோற்றுக்கு இறால் கொண்டுவந்திருந்தாள். சென்ட், சோப்பு, பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, கடைசியாகப் பளபளவென்று ஒரு பெட்டியை எடுத்தார்.

"பாருங்க, புதுப் பதிப்பு. நம்ம காத்து! கிட்டங்கியில முந்நூறு பெட்டி வந்து எறங்குச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

அதே கப்பல் ஆட்டம்தான். உள்ளே காற்றுத் தாள், உறை, சன்னல். பொய் நாளுக்கு விதிப்புத்தகத்தில் முழுப் பக்கம். உருவாக்கியவர்கள் என்று இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள். வேண்டுமென்பவர்களுக்குப் பகடைகளும் இருந்தன. மூடியின் மேல் கப்பலுக்குப் பின்னால், கடல் முழுக்க, அலை அலையாகத் தமிழ் எழுத்து. காலண்டர் கட்டங்களைப் படம் பிடித்து அழகுக்குப் போட்டிருந்தார்கள். அதைப் போட்டவனுக்கு ஒரு எழுத்தும் தெரிந்திருக்காது.

வீரலட்சுமி மூடியை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"வாடை. போகல. காத்தே இல்ல. போகல. பொய். குடிச்சிட்டு... " நிறுத்தினாள். "இது என் கையெழுத்துல்ல?"

அவள் தொடர்ந்து வாசித்தாள், இப்போது சத்தமில்லாமல். உதடு மட்டும் அசைந்தது. அந்த மூன்று வருடத்தில் காற்றோடு சேர்த்து வேறு சிலவும் எழுதியிருந்தாள். கூத்தையா அடித்த ஒரு நாள். அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்ட நான்கு நாட்கள். ஃபஸீலா தாள் அடிக்கும்போது அவற்றை விட்டுவிட்டிருந்தாள். யாரிடமும் சொன்னதுமில்லை.

"எம் புருசன் அடிச்சத டப்பாவுல ஒட்டி விக்கிறான்," என்றாள் வீரலட்சுமி.

காஜா நவாஸ் அவசரமாகச் சொன்னார். "மதினி, அங்க யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்? பெருமையா எடுத்துக்கிருங்க. நம்ம ஊரு எழுத்து உலகம் பூராம் போகுது."

"உங்க கிட்டங்கியில எறக்குனவங்கள்ல தமிழாளு இல்லையா? நீங்க வாசிக்கலையா?"

அவர் வாசித்திருந்தார். முகத்தில் தெரிந்தது. வாசித்துவிட்டுத்தான் காசு கொடுத்து வாங்கி, பெட்டியில் கட்டி, கண்ணீர் விட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்திருந்தார். அந்த அறையில் மூச்சு விடவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அவர் மேல் வந்ததா, சென்னைக் குரல் மேல் வந்ததா, என் மேல் வந்ததா என்று பிரிக்க முடியவில்லை.

"அக்கா, எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா," என்றாள் ஃபஸீலா.

"அவனை எனக்குத் தெரியாது. அவன்ட்ட நான் எங்குட்டுப் போயிக் கேக்குறது? உன்ட்டத்தான் குடுத்தேன், உன்ட்டத்தான் கேக்குறேன். என் காலண்டரு எங்க?"

இறாலை அங்கேயே வைத்துவிட்டு, மூடியைக் கூடையில் போட்டுக்கொண்டு போனாள். யாரும் தடுக்கவில்லை. காலிதாம்மா இறாலைத் தொடாமல் வெளியே கொட்டச் சொன்னார். "இதை ஆக்கித் தின்னா வயித்துல தங்காது," என்றார்.

ஃபஸீலா சென்னைக்கு எழுதினாள். பதில் பத்து நாளில் வந்தது. மூலப் பொருட்கள் நிறுவன நடைமுறைப்படி அழிக்கப்பட்டுவிட்டன. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மூடிப் படத்தை மாற்றக் கேட்டு இன்னொன்று எழுதினாள். அதற்குப் பதிலில்லை. பிறகு அவள், கம்பெனியின் படமோ வாசகமோ ஒன்றும் இல்லாமல், வெறும் காற்று மட்டுமாக ஒரு தாளைப் புதிதாக அடித்து, 'வீரலட்சுமி, தேவிபட்டினம்' என்று பெயர் போட்டு அந்த இணையதளத்தில் வைத்தாள். மூன்றாம் நாள் அது நீக்கப்பட்டது. அவள் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நான்காவது பத்தியைக் காரணமாகக் காட்டியிருந்தார்கள்.

அதை அச்செடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"சார், இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

நான் கையிலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அவள் தாளை நான்காக மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். மாத வாடகையை அதன் பிறகு காலிதாம்மாதான் வாங்கிக்கொண்டார்.

காஜா நவாஸ் ஷார்ஜாவில்தான் இருக்கிறார். அதே கிட்டங்கியில் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். காலிதாம்மாவுக்கு மூட்டுவலி. நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறார். கம்பெனி மூன்றாம் பதிப்பும் போட்டுவிட்டது, அதே மூடியோடு. நான் மாற்றல் கேட்டு வாங்கிக் கடலாடிக்கு வந்துவிட்டேன். கூத்தையா கடலுக்குப் போகிறார். வீரலட்சுமி மீனை பஸ்ஸில் ஏற்றி உச்சிப்புளிச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள், ஃபஸீலாவின் தெருவுக்கு வருவதில்லை. ஃபஸீலா முன்னைப்போலவே ஊரிலுள்ள எல்லோருக்கும் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். போன தை மாதம் கூத்தையா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையை ராமநாதபுரத்தில் போய் அடித்தார்கள்.